கூப்பிட்டால் திரும்புவதில்லை

அன்புள்ள மேடத்துக்கு,

எனக்கு 63 வயது. ஈரோட்டில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரருக்கு 68, மின்வாரியத்தில் இருந்தவர். மூன்று வருஷமாக நீலகிரியில் மஞ்சூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கி இருக்கிறோம். இந்த ஊர் அவருடைய ஆசை. குந்தா நீர்மின் திட்டத்தில், கெத்தை பவர்ஹவுஸில்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். மெஷின் ஹாலிலேயே 16 வருஷம். கனடாக்காரர்கள் உதவியோடு கட்டினது, டர்பைன் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம் கையால்தான் பேச வேண்டும் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் அவர் மட்டும் குவார்ட்டர்ஸில், நான் பிள்ளையோடு ஈரோட்டில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். கல்யாணமாகி 38 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே வீட்டில் இருப்பது இந்த மூன்று வருஷம்தான்.

ஏப்ரல், மே மாதம் பிரச்சினையே இல்லை. மகளும் பேரனும் பெங்களூரிலிருந்து வருவார்கள், சொந்தக்காரர்கள் வருவார்கள், அவரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுவார். நவம்பர் பிறந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி எதிர் வீடு தெரியாது. துணி மூன்று நாளானாலும் காயாது. ஐந்தரைக்குக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலைதான். அந்த நாலு சுவருக்குள் இவர் குரங்கு குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு, டிவியைக் காது கிழியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். சமையலறையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ஆனால் கீழே ரோட்டில் ஜீப் வந்தால் மட்டும் காதில் விழுந்துவிடும், "யாரோ வர்றாங்க" என்று எழுந்து போவார். நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார். பேரன் போனில் கூப்பிட்டால் "பாட்டிகிட்ட பேசு" என்று என் கையில் கொடுத்துவிடுவார். கரண்ட் போய்விட்டால் இருக்கிற கொஞ்ச நஞ்சப் பேச்சும் நின்றுவிடும். அப்புறம் இருட்டில் இரண்டு பொம்மை மாதிரிதான்.

தினமும் சாயங்காலம் வெளியே போய் ஒவ்வொரு செடிக்கும் மிலார்க் கிளைகளை ஒடித்து வைத்து, பனி படாமல் மூடிவிட்டு வருகிறார். குனிந்து குனிந்து, ஒரு இலைகூட வெளியே தெரியாமல். அதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வந்துவிடுகிறது மேடம். செடிக்குக் குளிரும் என்று தெரிகிற மனுஷனுக்கு நான் ஒருத்தி இருப்பது தெரியவில்லையே.

எனக்கு ஏழரைக்கெல்லாம் படுக்கப் போய்விடத் தோன்றுகிறது, இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும், அதற்கப்புறம் தூக்கமே கிடையாது. அடுத்த வீட்டுப் படகர் அம்மா ஹெத்தையம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. எதற்கும் மனசு வரவில்லை. இரவு இரும்புச் சட்டியில் கரியைக் கனியவைத்து இவர் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்திவிடுவார், ஆனாலும் காலையில் எழுந்தால் தலை பாரமாக வலிக்கிறது. சில நாள் விடியாமலே போய்விட்டால்கூட நல்லதுதான் என்று நினைக்கிறேன். மகளிடம் போய் இருக்கட்டுமா என்று கேட்டதற்கு "நீ வேணும்னா போயிட்டு வா" என்றார். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இத்தனை வருஷம் தனியாகவே இருந்தவருக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனா?

— மஞ்சூர் வாசகி

அன்புள்ள அம்மா,

மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கரிச் சட்டியை இன்று இரவிலிருந்து படுக்கையறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கரி கனிந்து புகை அடங்கியபின் ஆபத்து இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். புகை இல்லாத அந்தத் தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிறவருக்கு அது தெரியாமலே ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் காலைத் தலைவலிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். குளிருக்கு வெந்நீர்ப் பை போதும், இல்லையென்றால் ஆயில் ஹீட்டர் ஒன்று வாங்குங்கள். கரிதான் வேண்டுமென்றால் திண்ணையில் வைத்துக் குளிர் காய்ந்துவிட்டு உள்ளே வாருங்கள். அவரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம், ஏனென்றால் அவர் உங்களுக்குக் குளிருமே என்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். செடிக்கு மிலார் வைப்பதை எழுதிய நீங்கள், அவர் கரிச் சட்டியைக் கொண்டுவருவதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து, "விடியாமலே போய்விட்டால் நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சும்மா எழுதிய வரியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள், அது அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மகளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி இல்லை, அலுப்பில் வந்த வார்த்தைதான் என்றால், அந்த அலுப்புக்கும் வைத்தியம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். தைராய்டு, பி12, ரத்த அளவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் குளிர் தாங்காது, உடம்பு அசதியாக இருக்கும், மனசும் சோர்ந்துபோகும். இது உங்கள் வயதுப் பெண்களிடம் நிறையப் பார்க்கிற விஷயம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது பேசாத கணவர் என்றுதான் எனக்கும் பட்டது. இரண்டாவது தடவை அந்த ஜீப்பில் நின்றுவிட்டேன்.

ஜீப் வருவது கேட்கிறது, நீங்கள் கூப்பிடுவது கேட்கவில்லை. 16 வருஷம் டர்பைனுக்குப் பக்கத்தில், கையால் பேசிக்கொள்கிற அளவுக்குச் சத்தத்தில் நின்றவர். டிவி சத்தம் அதிகம். நீங்கள் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்கிறார். குழந்தை போனில் பேசினால் உங்களிடம் தள்ளிவிடுகிறார். கரண்ட் போனால் பேச்சே நிற்கிறது. அம்மா, இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது அவருக்குக் காது மந்தமாகியிருக்குமோ என்று பலமான சந்தேகம் வருகிறது.

பெரிய சத்தத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு உள்காதில் இருக்கும் மயிரிழை போன்ற செல்கள் தேய்ந்துபோகும். போனது திரும்ப முளைக்காது. இதில் முதலில் போவது கீச்சுக் குரல், மெல்லிய ஒலிகள். இன்ஜின் உறுமுவது, இடி, ஆண்களின் கட்டைக் குரல் எல்லாம் நன்றாகவே கேட்கும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் மங்கும். அதோடு சொல்லுக்கு உருவம் கொடுக்கிற ச, ஸ, த, ப மாதிரி எழுத்துகள் காணாமல் போகும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேசினார்கள் என்பது தெரியாது. மூளை அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பும், தப்பாக நிரப்பும்போது சம்பந்தமில்லாத பதில் வரும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆகி எதிரில் இருப்பவர் முகம் சுளித்துவிட்டால், பேசாமல் இருப்பதே மரியாதை என்று மனிதர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இவர்களில் நிறையப் பேருக்குத் தனக்குக் காது கேட்கவில்லை என்பதே தெரியாது. "எல்லாரும் முணுமுணுக்கிறாங்க" என்றுதான் சொல்வார்கள்.

கோடையில் மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறார் என்று கேட்பீர்கள். திண்ணையில் வெளிச்சம் இருக்கிறது, எதிரில் இருப்பவர் முகம் தெரிகிறது, உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்ளலாம். நவம்பரில் அது எல்லாமே போய்விடுகிறது. இருட்டு, சாத்திய கதவு, ஓடுகிற டிவி, காதை மூடிய கம்பளிக் குல்லா, சமையலறையிலிருந்து முதுகுக்குப் பின்னால் வருகிற உங்கள் குரல். கரண்ட் போன பிறகு பேச்சு நிற்பதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும், உங்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை.

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்துக் காதைச் சோதிக்க முடியாது. ஊட்டிக்கோ கோவைக்கோ போய் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோகிராம் எடுங்கள், அரை மணி நேர வேலை, வலிக்காது. வெறும் அழுக்கு அடைத்திருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். நரம்புக் குறைபாடு என்றால் காது மிஷின் பெரும்பாலும் உதவும், பழகச் சில வாரம் ஆகும், அதுவரை பாத்திரம் உருளும் சத்தம்கூட எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள். கவனிக்காமல் விட்ட காது மந்தம் மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-லிருந்து சொல்லி வருகிறது. காது சரியாகத்தான் இருக்கிறது என்று வந்துவிட்டால் அதுவும் நல்லதுதான், அவருடைய மனச்சோர்வைப் பற்றி யோசிக்கலாம்.

"உங்களுக்குக் காது கேக்கல" என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். "மெஷின் ஹால்ல அத்தனை வருஷம் நின்னவர், ஒரு தடவை செக் பண்ணிக்கலாமே, நானும் என் ரத்தத்தைப் பாக்கணும், சேர்ந்தே போவோம்" என்று சொல்லிப் பாருங்கள். ரிசல்ட் வரும்வரை சமையலறையிலிருந்து கூப்பிடுவதை விடுங்கள். எதிரில் போய், டிவியை நிறுத்தி, முகம் தெரியும்படி உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் கேட்கிறவருக்குக் கோபம் மட்டும்தான் கேட்கும். ஒரு சார்ஜ் விளக்கு வாங்கி, கரண்ட் போனதும் இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம் படுகிற மாதிரி வையுங்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஏழரைக்குப் படுத்து இரண்டரைக்கு எழுந்தால் அது ஏழு மணி நேரம். உங்கள் வயதுக்கு அது போதுமான தூக்கம். தூக்கம் கெடவில்லை, சீக்கிரம் ஆரம்பித்துவிடுகிறது. தினமும் பதினைந்து நிமிஷமாகத் தள்ளி ஒன்பதரைக்குக் கொண்டுபோங்கள். காலை வெயிலில் அரை மணி நேரமாவது இருந்தால் இது இன்னும் சுலபம். குளிர்காலத்தில் மட்டும் வருகிற மனச்சோர்வு என்று ஒன்று உண்டு, 1984-ல் நார்மன் ரோசந்தாலும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் அதை விவரித்து எழுதினார்கள். அது வடக்கே பகல் மிகவும் சுருங்கிப்போகிற நாடுகளில் அதிகம். நீலகிரியில் டிசம்பரிலும் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கிறது. நவம்பர், டிசம்பர் மூடுபனிக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் ஜனவரியில் உறைபனி விழுவது மேகமில்லாத இரவில், அதனால் புல் வெள்ளையாகிற அன்றைக்கு விடிந்ததும் பெரும்பாலும் பளிச்சென்று வெயில் அடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்கள். எட்டரை மணிக்கு நாற்காலியை வெளியே போடுங்கள், மிலாரை எடுத்துவிடும் வேலையை அவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

இன்னொன்று. அந்த ஊர் அவருடைய இளமை. அங்கே அவருக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷமாக அவருடைய ஞாபகத்துக்குள் விருந்தாளி மாதிரி இருக்கிறீர்கள், அது கஷ்டம்தான், அதை அவரிடம் சொல்லுங்கள், முகம் பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கென்று அங்கே நாலு பேர் வேண்டும். அடுத்த வீட்டு அம்மா மறுபடி கூப்பிடுவதற்காகக் காத்திருக்காமல் நீங்களே போங்கள். ஆசிரியையாக இருந்தவர் நீங்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாலு பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுத்தால் உங்களுக்கு மிகவும் கனக்கிற அந்த ஐந்து மணி வேளை நிறைந்துவிடும்.

மகள் வீட்டுக்குப் போவதில் தப்பே இல்லை, ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். கோபத்தில் மட்டும் கிளம்பாதீர்கள். "நீ வேணும்னா போயிட்டு வா" என்றாரே, அவர் கேட்டது உங்கள் கேள்வி முழுவதும்தானா, இல்லை "மகள்", "போய்" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும்தானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. காலை வெளிச்சத்தில் எதிரில் உட்கார்ந்து அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.