ஹார்மோனும் முகத்தின் வயதும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் ஒரு திருநம்பி, அதாவது பெண் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆண். வயது 39. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தொடங்கி இது பத்தாவது வருடம். மருத்துவர் இல்லை. ஆனால் புதிதாக ஹார்மோன் எடுக்க ஆரம்பித்தவர்களோடு பல வருடங்களாக உட்கார்ந்து பேசி வருகிறேன். வயதைவிட இளமையாகத் தெரிவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எனக்கு 28 வயது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்து எட்டு மாதம். முன்பு என் வயதைச் சரியாகச் சொல்வார்கள். இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஏன்?

உங்கள் வயது குறைந்துவிடவில்லை தம்பி, பார்ப்பவர்களின் அளவுகோல் மாறிவிட்டது. முன்பு உங்களைப் பெண் என்று நினைத்து, பெண்களோடு ஒப்பிட்டு 28 என்றார்கள். இப்போது ஆண் என்று பார்க்கிறார்கள். வழவழப்பான கன்னம், மேலுதட்டில் பூனை முடி, பேச்சின் நடுவே உடையும் குரல், நெற்றியில் பரு. இப்படி ஒரு ஆணை மனதில் தேடினால் பதினைந்து வயதுப் பையன்தான் கிடைக்கிறான். அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. உங்கள் உடல் இரண்டாவது முறையாகப் பருவமடைந்துகொண்டிருக்கிறது.

முகத்தின் எலும்புகள் முதல் பருவத்திலேயே வளர்ந்து முடிந்துவிட்டன. இனி எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் தாடை எலும்பையும் உயரத்தையும் மாற்றாது. கொழுப்பு, தசை, தோல், முடி, குரல் இவைதான் மாறும். குரல் பெரும்பாலும் 1 முதல் 2 ஆண்டுகளில் நிலைத்துவிடும். தாடி முழுதாக வர 4 அல்லது 5 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குரல் முந்தி தாடி பிந்தும் இந்த இடைவெளியில்தான் நம்மைப் பள்ளிப் பையனாக்குகிறார்கள்.

எனக்கு 30 வயது இருக்கும். ஒரு கவுன்ட்டரில் கையெழுத்துப் போட நின்றேன். "அப்பாவைக் கூட்டிட்டு வா தம்பி" என்றார் உள்ளே இருந்தவர். அவர் என்னைவிடச் சின்னவர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தம்பி என்றதில் சந்தோஷம், அப்பாவைக் கேட்டதில் அவமானம். கையில் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டேன்.

செய்யக்கூடியது என்று கேட்டால், முதலில் சட்டையைக் கவனியுங்கள். மார்பு தெரியக் கூடாது என்று தொளதொளவென்று போட்டுப் பழகியிருப்போம். தோள் தையல் கைப்பக்கம் இறங்கினால் பெரியவர் சட்டையை மாட்டிய பையன் போலத்தான் இருக்கும். தையல் சரியாகத் தோள் எலும்பின் மேல் உட்காரட்டும். அப்புறம் அந்தப் பூனை முடி. அது ஆசையாக வளர்த்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மழித்துவிட்டால் இரண்டு மூன்று வயது கூடித் தெரிவீர்கள்.

ஊசியின் அளவைக் கூட்டினால் தாடி சீக்கிரம் வருமா?

வராது. மிகுதியாகப் போகும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை உடல் எஸ்ட்ரடியோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். ரத்தத்தில் சிவப்பணுக்களும் கூடி ரத்தம் கெட்டிப்படும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

மினாக்சிடில் தடவலாமா அண்ணா?

பலரும் தாடிக்குத் தடவுகிறார்கள், சிலருக்கு நல்ல பலன் தெரிகிறது. ஆனால் அது தலைமுடிக்கென்று அனுமதி பெற்ற மருந்து, அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். வீட்டில் பூனை இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் முகத்திலிருந்தோ தலையணையிலிருந்தோ கொஞ்சம் நக்கினாலும் அதன் உயிருக்கு ஆபத்து.

எனக்கு 46 வயது தம்பி, திருநங்கை. எஸ்ட்ரடியோல் எடுத்து ஒன்றரை வருடம். பத்து வயது குறைந்துவிட்டது என்கிறார்கள். நிஜமா, மனம் குளிரச் சொல்கிறார்களா?

நிஜம்தான் அக்கா. டெஸ்டோஸ்டிரோன் அடங்கிய சில மாதங்களிலேயே எண்ணெய்ப் பசை குறைந்து தோல் மிருதுவாகும். ஒட்டியிருந்த கன்னத்தில் கொழுப்பு சேரும். இது இன்னும் சில வருடங்கள் நடக்கும். எஸ்ட்ரோஜன் (நீங்கள் எடுக்கும் எஸ்ட்ரடியோல் அந்த வகைதான்) தோலின் ஈரத்தையும், தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தையும் காக்கிறது. மாதவிடாய் நின்று எஸ்ட்ரோஜன் குறைந்த முதல் 5 ஆண்டுகளில் பெண்களின் தோல் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது என்றால் அதன் பலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் வெயில் ஏற்கெனவே போட்ட ஆழமான கோடுகளை அது அழிக்காது. டெஸ்டோஸ்டிரோன் அடங்கித் தோல் மெலிவதால் வெயில் இன்னும் உறைக்கும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைத் தினமும் பூசுங்கள். தாடியின் பச்சை நிழல் இருந்தால் லேசரைத் தள்ளிப்போடாதீர்கள். கறுத்த முடியில்தான் லேசர் பிடிக்கும். நரைத்துவிட்டால் ஒவ்வொரு முடியாக, மின்சாரத்தால் வேரை அழிக்கும் எலெக்ட்ராலிசிஸ்தான் செய்ய வேண்டும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அது தோலைச் சுருக்கும், எஸ்ட்ரோஜனோடு சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். உங்கள் வயதில் பல மருத்துவர்கள் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையையோ ஜெல்லையோ விரும்புவார்கள். அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

முகமெல்லாம் பரு. ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

கடுமையான பருவுக்கு நல்ல மருந்துதான். ஒன்றை மட்டும் மறைக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். கருப்பை இருந்து, கருத்தரிக்க வாய்ப்புள்ள உறவிலும் இருந்தால் தனியாகக் கருத்தடை அவசியம். டெஸ்டோஸ்டிரோனால் மாதவிடாய் நின்றாலும் கரு தங்கலாம். இந்த மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும்.

எனக்கு 34, என் மனைவிக்கு 33. வெளியே போனால் அவளை என் அக்கா, சில நேரம் அம்மா என்றுகூட நினைக்கிறார்கள். அவள் வெளியே வருவதையே குறைத்துவிட்டாள்.

இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது தம்பி. உங்கள் மாற்றத்துக்கு அவரும் ஒரு விலை கொடுக்கிறார். பெரும்பாலும் அதை யாரும் அவரிடம் கேட்பதே இல்லை. அவர் சலித்துக்கொண்டால் அது உங்கள் மீது இல்லை. நீங்கள் அதைக் கேட்டு ஆறுதல் சொல்லாமல், "எனக்கு மட்டும் சுலபமா?" என்று ஆரம்பித்தால்தான் உங்கள் இருவருக்கும் நடுவில் சண்டை வரும்.

எங்கள் வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தோம். புது இடத்தில் யாரும் கேட்கும் முன் நானே, "இவங்க என் மனைவி, எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்" என்று சொல்லிவிடுவேன். வருடக் கணக்கைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் மனதுக்குள் என் வயதைக் கூட்டிக்கொள்வார். டெஸ்டோஸ்டிரோன் தொடங்கிய நாலாவது வருடம் தாடி அடர்ந்த பிறகு அப்படிச் சொல்லும் தேவை குறைந்தது. அதுவரை பேச்சை ஆரம்பிப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், அவரிடம் விட்டுவிடாதீர்கள்.