மனித உடல் எந்தெந்தப் பொருள்களால் ஆனது? எது எவ்வளவு, எங்கே இருக்கிறது?

70 கிலோ எடையுள்ள ஒரு ஆணைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் ஏறக்குறைய 43 கிலோ, கார்பன் 16, ஹைட்ரஜன் 7, நைட்ரஜன் 1.8, கால்சியம் 1 கிலோ, பாஸ்பரஸ் முக்கால் கிலோ. இந்த ஆறிலேயே எடையில் 99 சதவீதம் முடிந்துவிடும். பொட்டாசியமும் கந்தகமும் தலா 140 கிராம், சோடியம் 100 கிராம், இரும்பு 4 கிராம் என்று மற்றதெல்லாம் மிச்சத்தில் அடக்கம்.

ஆக்சிஜன் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் தண்ணீர். '70 சதவீதம் தண்ணீர்' என்று எல்லோரும் சொல்வது பெரியவர்களுக்குச் சரிவராது. ஆண்களுக்குச் சுமார் 60, பெண்களுக்கு 50 முதல் 55, பிறந்த குழந்தைக்குத்தான் 75. கொழுப்பில் தண்ணீர் குறைவு. கொழுப்பு கூடினால் இந்த விகிதம் இறங்கும்.

நம் ஆளிடம் உள்ள 42 லிட்டரில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே, 14 லிட்டர் வெளியே. அந்த வெளி நீரில் வெறும் 3 லிட்டர்தான் ரத்தத்தின் பிளாஸ்மா, அதாவது ரத்த அணுக்கள் மிதக்கும் திரவம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று லேப் ரிப்போர்ட்டில் வருவதெல்லாம் இந்த 3 லிட்டரின் நிலவரம். உடலின் மொத்த இருப்பை அது காட்டாது.

பொட்டாசியத்தைப் பாருங்கள். 140 கிராமில் 98 சதவீதம் செல்களுக்குள். வெளியே உள்ள 14 லிட்டரிலும் சேர்த்து 2 கிராம் சொச்சம்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் (ரிப்போர்ட்டில் mmol/L) வரை இருக்க வேண்டும், 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகலாம், அதுவும் முன்னறிகுறி இல்லாமல். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடினாலோ, எடுத்த ரத்தம் பல மணி நேரம் பிரிக்கப்படாமல் கிடந்தாலோ செல்லில் இருப்பது வெளியே கசிந்து அளவு பொய்யாக ஏறும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன) என்று குறித்திருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு எகிறினால் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். உடனே இசிஜி பார்க்க வேண்டும். ஒரு இளநீரிலேயே அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. 'உடம்புக்கு நல்லது' என்று இவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது ஆபத்து. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும்.

கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். ஆகவே ரத்த கால்சியம் நார்மல் என்பதை வைத்து எலும்பு உறுதி என்று சொல்ல முடியாது. அதற்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான்.

இரும்பும் அப்படியே. மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில், பெரும்பாலான மிச்சம் கல்லீரல் முதலிய இடங்களில் சேமிப்பாக. முதலில் கரைவது சேமிப்பு, ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அதனால் சோர்வு இருந்து ஹீமோகுளோபின் சரியாக இருந்தால், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பாதிக்கு மேல் வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் ஏறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப அதன்பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். நிறுத்துவதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.