கணினிக் கேள்வி பதில்: "ராத்திரி என்னத்தை மாத்தினீர்?"

கேள்வி: அண்ணை, நானும் சிநேகிதன் ஒருவனும் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து, மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் ஏழு கடைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு வேர்ஷன் விடும்போதும் என்ன மாறியது என்று சேஞ்ச்லொக் எழுதப் பஞ்சியாக இருக்கிறது. எழுதாவிட்டால் கடைக்காரர்கள் போன் எடுத்து ஏசுகிறார்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் உள்ள கொமிட்களில் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவும் அதன் குறிப்பும்) இருந்து இதைத் தானாக எடுக்க முடியாதா?
- வாசகர், மல்லாவி

பதில்: முடியும் தம்பி. ஆனால் அந்தத் 'தானாக'வை நம்பி நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். மாசி மாதம், பெரும்போக அறுவடை, ஆலை வாசலில் லான்ட்மாஸ்டர் வரிசை. முதல்நாள் இரவு, ஈர நெல்லுக்குக் கழிக்கும் நிறையைக் கிட்டிய கிலோவுக்கு ஆக்கும் கணக்கை மாற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஓர் ஐயா நேற்றைய துண்டையும் இன்றைய துண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே ஈரத்துக்கு ஏன் இரண்டு கழிவு என்று கேட்டிருக்கிறார். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ராத்திரி என்னத்தை மாத்தினீர்?" என்றார். நான் பெருமையாக, கிட் லொக்கை, அதாவது கொமிட்களின் பட்டியலை, தாளாக்கும் என் சின்ன நிரலை ஓடவிட்டு அச்சடித்துக் கொடுத்தேன். 43 வரிகள். "ஃபிக்ஸ்", "திரும்பவும் ஃபிக்ஸ்", "இதுதான் கடைசி", "கடைசி 2". கழிவுக் கணக்கை மாற்றிய கொமிட்டுக்கு நான் வைத்திருந்த பெயர் "சின்ன வேலை". அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

நிரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பஞ்சிப்பட்டது நான், அதுவும் கொமிட் போட்ட அந்த ஒரு நிமிடத்தில்.

ஆகவே அங்கேயிருந்து தொடங்குங்கள். கொன்வென்ஷனல் கொமிட்ஸ் என்று ஒரு எழுத்து முறை இருக்கிறது. புது வசதி என்றால் வரியின் தொடக்கத்தில் 'ஃபீட்', பிழை திருத்தம் என்றால் 'ஃபிக்ஸ்', பிறகு முக்காற்புள்ளி, பிறகு விஷயம். பழைய வழக்கத்தை உடைக்கும் மாற்றம் என்றால் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி. வேர்ஷன் எண்ணும் இதிலிருந்தே வரும்: திருத்தம் மட்டும் என்றால் 1.4.2 போய் 1.4.3, புது வசதி வந்தால் 1.5.0, உடைத்தால் 2.0.0. முன்சொல்லை ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டு மிச்சத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். கிட் வழமையாகவே யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறிமுறை) என்று எடுத்துக்கொள்வதால் தமிழ் குழம்பாது.

கருவி என்று பார்த்தால் உங்கள் இருவருக்கும், கொமிட்களில் இருந்து சேஞ்ச்லொக் எழுதும் கிட்-கிளிஃப் போதும். உங்கள் மடிக்கணினியிலேயே ஓடும், இணையம் விட்டுவிட்டு வரும் நாளிலும் வேலை நிற்காது. அதன் அமைப்புக் கோப்பில் தலைப்புகளை 'புதியது', 'திருத்தியது' என்று மாற்றலாம், உள்வேலை சம்பந்தமான 'சோர்' வரிகளை விழுத்திவிடலாம். கிட் நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பிலும் வெளியீட்டுக் குறிப்பைத் தானே எழுதும் பொத்தான் உண்டு. ஆனால் அது இணைக்கப்பட்ட புல் ரிக்குவெஸ்ட்களை, அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்' என்ற கோரிக்கைகளைத்தான் பட்டியலிடும். நீங்கள் இருவரும் நேரே மெயின் என்ற முதன்மைக் கிளைக்குத் தள்ளுகிறவர்கள் என்றால் மாற்றங்களின் பட்டியல் வெறுமையாக வரும். செமான்டிக்-ரிலீஸ் என்ற கருவி வேர்ஷன் எண்ணையும் தானே தீர்மானித்து வெளியீட்டையும் தானே செய்துவிடும். ஏழு கடைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அறுவடை நேரத்தில் எதையும் கேட்காமல் வெளியிடும் இயந்திரத்தை நான் இனி வைத்திருக்க மாட்டேன்.

ஒரு பொறி: பின்னாளில் கிட்-கிளிஃப்பைக் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப்பே வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடவிட்டால் குறிப்பு ஒரே வரியோடு வரக்கூடும். அங்கே நிரலை இறக்கும் செக்-அவுட் படி வழமையாகக் கடைசிக் கொமிட்டை மட்டுமே எடுக்கிறது. 'ஃபெட்ச்-டெப்த்' என்ற அதன் அமைப்பைப் பூச்சியம் ஆக்கினால் முழு வரலாறும், வேர்ஷன்களைக் குறிக்கும் டேக்குகளும் வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

சரி, கடைக்காரருக்கு? குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் மென்பொருள்களில் சேஞ்ச்லொக் என்றும் நியூஸ் என்றும் இரண்டு கோப்பு வைப்பது பழைய வழக்கம். முதலாவது நிரல் எழுதுகிறவருக்கு, மற்றது பாவிக்கிறவருக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். கருவி தருவதை வரைவாக வைத்து, பணம், நிறை, வரி ஆகியவற்றைத் தொடும் வரிகளைப் பொறுக்கி உங்கள் கையால் எழுதுங்கள். "ரவுண்டிங் திருத்தம்" என்று கடைக்கு அனுப்பாதீர்கள். "இனி பில்லில் 50 சதமும் அதற்கு மேலும் அடுத்த ரூபாயாகும்" என்று அனுப்புங்கள்.

கேள்வி: இதையெல்லாம் ஏஐயிடம் கொடுத்தால் அதுவே எழுதித் தராதா?
- வாசகி, வவுனியா

பதில்: எழுதும் தங்கச்சி, வடிவாகவும் எழுதும். எந்த வரி மாறியது என்று அது பார்க்கும். கழிவை மாற்றச் சொன்னது யார், ஏன் என்பது நிரலுக்குள் இல்லாவிட்டால் ஊகித்து எழுதிவிடும். காரணத்தைக் கொமிட்டில் நீங்களே ஒரு வரி எழுதிவிட்டு, சொல் திருத்த மட்டும் கொடுங்கள். அச்சடிக்க முன் நெல் நிறுக்கிறவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் இப்போது ஆலைக்கு அனுப்பும் குறிப்பை முதலில் என் அம்மாவுக்குத்தான் வாசிக்கிறேன், "இதில என்ன விளங்கேல்லை?" என்று கேட்டுவிட்டு.