பீச்சாங்கைக்கு எந்த ரைஃபிள்? சில கேள்விகள், என் பதில்கள்

சின்ன வயதில் பீச்சாங்கையால் சோறு பிசைந்ததற்காக மணிக்கட்டில் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். சாப்பாடு சோத்தாங்கைக்கு மாறியது, எழுத்தும் மாறியது. துப்பாக்கி மட்டும் மாறவில்லை. சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாக இடது தோளில் வைத்துத்தான் .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) ரைஃபிள் சுடுகிறேன். இடது கைக்காரர்களுக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு, முகப்பேரிலிருந்து டெக்சாஸ் வரை கேள்விகள் வந்துவிட்டன.

புதியவர்களுக்கு ஒரு வரி: போல்ட் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, காலி உறையை வெளியேற்றி, மறுபடி முன்னால் தள்ளிப் பூட்டும் வகை. அந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் நம் பிரச்சினை.

முகப்பேர்: சார், என் மகளுக்கு 13 வயது. எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இடது கை. சுடப் பழக அனுப்பினால், வலது பக்கமே பழகட்டும், துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கையை விடுங்கள், முதலில் கண்ணைப் பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விடச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி, அந்த ஓட்டை வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கட்டும். கடிகாரம் மறையாமல் கைகளை மெல்ல முகத்தருகே கொண்டுவரச் சொல்லுங்கள். ஓட்டை எந்தக் கண்ணில் வந்து நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். எதற்கு என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளைகள் வேண்டுமென்றே இடது கண்ணுக்குக் கொண்டுபோவார்கள். வேறு வேறு நாளில் மூன்று முறை செய்யுங்கள்.

இடது கண் வந்தால் யோசிக்கவே வேண்டாம், இடது தோள்தான். வலது கண் வந்தால், இடது கைப் பிள்ளையாக இருந்தாலும் வலது தோளில் ஒரு மாதம் முயன்று பார்க்கலாம். 13 வயதில் உடம்பு கேட்கும். நாற்பதில் வந்து சேர்பவரிடம் இதைச் சொல்ல மாட்டேன். அவருக்கு மறு கண்ணை ஒரு சின்ன அட்டையால் மறைத்துவிட்டுப் பழகிய தோளிலேயே தொடரச் சொல்வேன்.

எப்படியானாலும் அவள் தொடங்கப்போவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அங்கே கைப்பிடியும் கன்னம் வைக்கும் கட்டையும் இடது பக்கத்துக்குப் பொருந்தினால் போதும். போல்ட் தலைவலி .22-க்கு வரும்போதுதான்.

கிழக்குத் தாம்பரம்: கிளப்பில் வலது கை ரைஃபிள்தான் இருக்கிறது. இடது தோளில் வைத்து அதையே சுடுகிறேன். நன்றாகத்தான் போகிறது. தனியாக இடக்கை ரைஃபிள் தேவையா, அல்லது வெறும் ஆடம்பரமா?

எப்படிச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவதும் மிச்சமாவதும் இங்கேதான்.

மேசையில் மணல் மூட்டை மேலோ, பைபாடிலோ (முன்புறம் மாட்டும் இரட்டைக்கால் தாங்கி) ரைஃபிளை வைத்துச் சுடுகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் இடது கை பிடியில், விரல் ட்ரிகரில். ரைஃபிளின் எடையை மூட்டை தாங்குகிறது, அதனால் வலது கை சும்மா இருக்கிறது. போல்ட் வலது பக்கம். சும்மா இருக்கும் வலது கை தூக்கி இழுத்துத் தள்ளிவிடும்; இடது கையும் கன்னமும் அசையவே வேண்டாம். வலது கைக்காரருக்கு இந்த வசதி கிடையாது, அவர் ஒவ்வொரு முறையும் பிடியை விட்டாக வேண்டும். மேசைப் போட்டிகளில் வலது கைக்காரர்கள் சிலர் காசு கொடுத்து இடது போல்ட் ரைஃபிள் செய்துகொள்வது இதற்காகத்தான். நமக்கு அது ஓசியில் வருகிறது!

இப்போது அதே ரைஃபிளோடு தரையில் படுங்கள். 50 மீட்டர் ப்ரோன் போட்டி. வலது கை ரைஃபிளைத் தாங்குகிறது, மேற்கையில் ரைஃபிளோடு மாட்டிய வார் (ஸ்லிங்) இறுகியிருக்கிறது. அதை எடுத்தால் நிலையே கலைந்துவிடும். ஆக, இடது கை பிடியை விட்டு, ரைஃபிளுக்கு மேலே குறுக்கே போய், அந்தப் பக்கம் போல்டைத் திறக்க வேண்டும். அதற்குத் தோள் எழும்பும், கன்னம் கட்டையை விட்டு விலகும். திரும்பி வந்து கன்னம் வைக்கும் இடம் ஒரு நூல் மாறினாலும் குறி மாறும். போட்டியில் 60 ஷாட், 50 நிமிடம், பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நான் நான்கு வருடம் இப்படித்தான் சுட்டேன். முதல் இருபது நன்றாக இருக்கும். நாற்பதுக்கு மேல் குண்டுகள் விழும் கூட்டம் மெல்ல வலப்பக்கம் நகரும். பாரலில் (குழலில்) கோளாறு என்று நினைத்து ஒரு சீசனையே வீணடித்தேன். கோளாறு என் தோளில் இருந்தது.

மேசைக்கு, பைபாடுக்கு என்றால் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லிங் போட்டுப் படுத்தோ, மண்டியிட்டோ, நின்றோ சுடுகிறீர்கள் என்றால் இடது போல்ட் தேவைதான். ஆன்ஷுட்ஸின் போட்டி ரைஃபிள்கள் இடக்கை வடிவில் வருகின்றன. விலை கொஞ்சம் குறைவாக வேண்டுமானால் சீஸெட் 457, சாவேஜ் மார்க் 2 இரண்டிலும் இடது போல்ட் உண்டு. இந்தியாவுக்குள் கொண்டுவருவது வேறு கதை: லைசன்ஸ், தேசிய ரைஃபிள் சங்கத்தின் பரிந்துரை, இறக்குமதி அனுமதி என்று படிப்படியாக ஏற வேண்டும். கிளப் செயலாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

வில்லிவாக்கம்: இடது கைக்காரர் வலது ரைஃபிள் சுட்டால் முகத்தில் புகை அடிக்கும், ஆபத்து என்கிறார்களே, அண்ணே?

பாதி உண்மை. இடது தோளில் வைத்தால் நம் முகம் ரைஃபிளின் வலப்பக்கம் இருக்கும், உறை வெளியேறும் வாயும் அதே பக்கம். சாதாரணமாக ஒன்றும் ஆகாது. போல்ட் ஆக்‌ஷனில் நாம் இழுத்தால்தான் உறை வெளியே வரும். ஆனால் உறை பிளந்தால் வாயு அந்த வழியாகவும் வரலாம். கண்ணாடி போடாமல் சுடாதீர்கள். இது வலது கைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

ஹூஸ்டன் (சொந்த ஊர் சைதாப்பேட்டை): அண்ணா, H-1B விசாவில் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். மான் சீசனுக்கும் போக ஆசை. நான் இடது கை. என்ன வாங்கலாம்?

தம்பி, கடைக்குப் போவதற்கு முன் ஒன்று. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, உங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகத் தடை. விதிவிலக்குகளில் ஒன்று, அந்நாட்டின் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ். டெக்சாஸில் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட 2019 முதல் லைசன்ஸே வேண்டாம், அதனால் நண்பர்கள் "அதெல்லாம் தேவையில்லை" என்பார்கள். அவர்களுக்குத் தேவையில்லை. உங்களுக்கு, பன்றிக்காக இல்லாவிட்டாலும் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அது வேண்டும். காலாவதியாக விடாதீர்கள். குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு கனவோடு விளையாட வேண்டாம்.

இனி ரைஃபிள். காட்டில் மூட்டையும் கிடையாது, மேசையும் கிடையாது. நின்றபடி, மரத்தில் சாய்ந்தபடி, அவசரமாக இரண்டாவது தோட்டா ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் உங்களுக்கு இடது போல்ட்தான். சாவேஜ் 110, ரூகர் அமெரிக்கன், டிக்கா டி3எக்ஸ் மூன்றும் இடக்கையில் கிடைக்கும். பட்ஜெட் இறுக்கம் என்றால் ரூகர். கொஞ்சம் தளர்த்தினால் டிக்கா. பின்லாந்துக்காரர்கள் செய்த அந்தப் போல்ட், எண்ணெய் போட்ட பீரோ டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். சாவேஜிலும் ரூகரிலும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) பின்முதுகின் நடுவில், கட்டை விரலுக்குக் கீழே இருக்கிறது. எந்தக் கைக்கும் ஒன்றே. வலது பக்கம் மட்டும் சேஃப்டி உள்ள பழைய ரைஃபிளை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள்.

தோட்டா: 1952-இல் வந்த .308 வின்செஸ்டரோ, 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மோரோ. மானுக்கும் பன்றிக்கும் இரண்டுமே போதும். கிரீட்மோர் தோளில் குறைவாக உதைக்கும், காற்றில் குறைவாக விலகும். .308 எந்தக் கடையிலும் கிடைக்கும். முதல் ரைஃபிள் என்பதால் உதை குறைந்ததைத்தான் சொல்வேன். உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் விடாது. கலிஃபோர்னியாவுக்கு வேட்டைக்குப் போனால் மட்டும் ஈயக் குண்டு கூடாது; 2019 ஜூலை முதல் அங்கே தடை.

லண்டன்: பிஸ்லி சுடுதளத்தில் 1000 கஜம் சுட வேண்டும் என்று ஆசை. அதே ரைஃபிளில் மான் வேட்டைக்கும் போகலாமா?

ஒரே ரைஃபிள் இரண்டுக்கும் என்றால் இரண்டிலும் சுமாராக இருக்கும். மலையேறத் தூக்கிப்போகும் ரைஃபிள் இலேசாக இருக்க வேண்டும். ஆயிரம் கஜத்துக்கு எடையும் கனமான பாரலும் வேண்டும். நீண்ட தூரத்தில் எஃப்-கிளாஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது. படுத்துக்கொண்டு, முன்னால் தாங்கி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்துச் சுடுவது. அதில் எஃப்/டிஆர் பிரிவுக்கு .223 அல்லது .308 மட்டும், ரைஃபிள் எடை 8.25 கிலோவுக்குள். பைபாடில் நிற்பதால், தாம்பரத்துக்காரருக்குச் சொன்னதுதான் இங்கேயும்: வலது போல்ட் ரைஃபிள் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், சும்மா இருக்கும் வலது கை வேலை செய்யட்டும்.

போல்டைவிட முக்கியம் பாரலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழற்றும் உட்புறப் பள்ளங்களின் திருகல். நீளமான கனத்த குண்டு நிலைத்துப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். 6.5 கிரீட்மோருக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம். .308-இல் 12 அங்குல முறுக்குள்ள பழைய பாரல்கள் கனத்த குண்டை அவ்வளவாக விரும்பாது, 10 பார்த்து வாங்குங்கள். இடது போல்ட்தான் வேண்டும் என்றால் பெர்காரா பி14 எச்எம்ஆர் இடக்கையில் உண்டு.

ஸ்கோப்பில் ஒரு சின்னக் குறும்பு. பக்கவாட்டுக் குமிழ்களில் காற்று விலகலைத் திருத்துவது வலது பக்கம், ஃபோகஸ் இடது பக்கம். நமக்குக் காற்றுக் குமிழ் சும்மா இருக்கும் வலது கைக்கு எட்டுகிறது, ஃபோகஸுக்குத்தான் கையைக் குறுக்கே விட வேண்டும். தூரத்துக்கு ஒரு முறை திருப்பினால் போதும் என்பதால் கணக்கில் நமக்கே லாபம்.

மானுக்கு: இங்கிலாந்தில் பெரிய வகை மான்களுக்குக் குறைந்தபட்சம் .240 அங்குலக் குழலும் 1700 அடி-பவுண்டு ஆற்றலும் என்று சட்டம். அதனால் .223 ரைஃபிளோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மடிப்பாக்கம்: ஏலகிரி அடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிறோம். பன்றி வந்து கடலையை அழிக்கிறது. லைசன்ஸ் வாங்கி ஒரு இடக்கை ரைஃபிள் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை கிடையாது. துப்பாக்கி லைசன்ஸ் கையில் இருந்தாலும் அது பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. அந்த முடிவு வனத்துறையுடையது. ரேஞ்சரிடம் மனு கொடுங்கள்.

அயனாவரம்: தாத்தாவின் .315 ரைஃபிள் இருக்கிறது. ஆர்டினன்ஸ் ஃபாக்டரி சரக்கு. அதில் இடது போல்ட் கிடைக்குமா, மாற்ற முடியுமா?

கிடைக்காது, மாற்றவும் முடியாது. அது லீ-என்ஃபீல்ட் அமைப்பு, வலது பக்கத்துக்காகவே வெட்டியது. கைப்பிடியை மட்டும் வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று பட்டறையில் யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். தாத்தா இல்லையென்றால், லைசன்ஸ் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். போல்ட் கேள்வி அதற்கு அப்புறம்.

பெசன்ட் நகர்: இடக்கை .22 ஒன்று ஒருவழியாகக் கிடைத்தது. மூன்றே மாதத்தில் போல்டில் செம்புள்ளி. கடல் காற்றா?

கடல் காற்று பாதி, உங்கள் கை வியர்வை பாதி. என் ரைஃபிளில் போல்ட் கைப்பிடியின் உருண்டைக்குக் கீழே, விரல் படும் இடத்தில் மட்டும் விரல் வடிவத்திலேயே துரு பிடித்தது. சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் போல்ட், பாரல் வெளிப்புறம், ட்ரிகர் வளையம் துடையுங்கள். அப்புறம் வெறுங்கையால் தொடாதீர்கள். முக்கியமாக, நுரைப்பஞ்சு வைத்த பெட்டியில் மாதக் கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். அந்தப் பஞ்சு ஐப்பசி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு ரைஃபிளுக்கு ஊட்டும். பெட்டி பயணத்துக்கு மட்டும். வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை அதைச் சூடாக்கி உலர்த்துங்கள். இடது போல்டுக்கு மாற்றுப் போல்ட் தேடி அலைவதைவிட இது சுலபம்.

போரூர்: பிறகு விற்றால் விலை போகுமா?

வாங்க ஆள் கிடைக்க நாளாகும். கிடைத்தால் பேரம் பேச மாட்டார். அவரும் உங்களைப் போலத் தேடி அலைந்தவராகத்தான் இருப்பார். ஸ்கோப்பை வேறு ரைஃபிளுக்கும் மாற்றலாம் என்பதால் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டை மட்டும் இடக்கைக்கென்றே வெட்டியது, அதை ரைஃபிளோடு சேர்த்தே கொடுங்கள். வாங்குபவரின் லைசன்ஸைப் பார்க்காமல் முன்பணம்கூடத் தொடாதீர்கள்.