சிங்கப்பூரில் மாதம் தெரிவதற்கு

தம்பி, "வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, எங்கே போனதென்றே தெரியவில்லை, எல்லா நாளும் ஒரே நாளாக இருக்கிறது, உங்களுக்கும் அப்படி இருந்ததா?" என்று கேட்டிருந்தீர்கள். இருந்தது. முதல் நான்கு வருஷம் எனக்கும் அப்படித்தான் ஓடிப்போயிற்று.

இந்த ஊரின் இருப்பிடம் அப்படி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில் விடிந்து ஏழு மணி வாக்கில் இருட்டுகிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 10 நிமிடம்தான் வித்தியாசம். நம் ஊரில் மார்கழிப் பனி, ஆடிக்காற்று, சித்திரை வெயில் என்று உடம்புக்கே மாதம் தெரியும். இங்கே தெரியாது.

எனக்கு முதலில் அதைக் காட்டிக் கொடுத்தது ஒரு வாசம். ஒரு மே மாதம், சாயங்காலம், வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தேன். மகிழம்பூவை நினைவுபடுத்தும் இனிப்பான மணம், எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கைகாட்டி "டெம்புசு" என்றார். ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறம் இருக்கிறதே, அந்த வகை மரம். மறு வருஷம் அதே மணம் வந்தபோதுதான், அடடா, ஒரு வருஷம் போய்விட்டதே என்று உறைத்தது.

அப்புறம் மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. நாலைந்து வாரம் காய்ந்து ஒரு மழை பெய்தால் டிரம்பெட் மரங்கள் பூத்து நடைபாதையெல்லாம் இளஞ்சிவப்பாகும்; பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், மறுபடி ஆகஸ்ட் வாக்கில். ஜூன் வந்தால் கடைகளில் டுரியான் குவியும். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு ஏறும். டிசம்பரில் விடாத மழை.

ஆனால் தம்பி, இதைவிட முக்கியமான ஒன்றை நான் கவனிக்காமல் இருந்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவேன். திருச்சி விமான நிலையத்தில் அப்பா என் பெட்டியை வாங்கித் தானே காரில் ஏற்றுவார், தொட விடமாட்டார். ஒரு வருஷம் கைப்பிடியைப் பிடித்தார், தூக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், நான் வந்து தூக்கும் வரை. கூடவே இருக்கும் தங்கைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்திருக்கும். எனக்கு மொத்தமும் அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறேன். நேரடி விமானத்தில் நாலு மணி நேரம்தானே. ஒன்று பொங்கலுக்கு. இன்னொன்றுக்கு, டெம்புசு மணம் வந்ததுமே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.