மணிக்கூடு பிழையில்லை

கிளிநொச்சியில் 30 மெகாஹேட்ஸில் பதியும் வானிலிருந்து வரும் வானொலி இரைச்சலின் உச்சம் தினமும் நாலு நிமிடம் முந்துகிறது, மணிக்கூடு பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். மணிக்கூடு சரி. இந்த இரைச்சலை அனுப்பும் பால்வீதி வானில் அதே இடத்துக்குத் திரும்ப 23 மணி 56 நிமிடம்தான் எடுக்கும். மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம் முந்தும். நீங்கள் பிடித்தது உண்மையான விண்வெளி இரைச்சல் என்பதற்கு இது அருமையான சாட்சி. தோட்டத்துத் தண்ணி மோட்டர் என்றால் இப்படி நகராது.

ஆகவே பதிவுகளை நட்சத்திர நேரப்படி, அதாவது 23 மணி 56 நிமிடத்தை ஒரு நாளாகக் கொண்டு அடுக்கி, உறிஞ்சல் இல்லாத அமைதியான நாட்களுக்குரிய கோட்டை வரையுங்கள். இரவுப் பதிவுகளை மட்டும் எடுங்கள், பகலில் அயனமண்டலம், அதாவது மேல்வளிமண்டலத்தின் மின்னேறிய அடுக்கு, இரைச்சலை உறிஞ்சிவிடும். இரவில் தெரியும் வான்பகுதி மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம்தான் நகரும் என்பதால், முழுக் கோட்டுக்குப் பல மாதம் பொறுக்கத்தான் வேண்டும். அப்புறம் பகல் அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை டெசிபெல் இறங்குகிறதோ, அதுதான் உறிஞ்சல். பகலில் சட்டென்று இறங்கி மெல்ல மீண்டால், அந்நேரம் சூரியச் சுவாலை (சூரியனில் திடீர் வெடிப்பு) பதிவாகியிருக்கிறதா பாருங்கள்.