9.9-ஐ 15 ஆக்கலாமா? பழைய அவுட்போர்டில் (படகின் பின்னால் மாட்டும் மோட்டாரில்) எச்.பி. (குதிரைத்திறன்) கூட்டுவது: கேள்வி பதில்

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, எங்ககிட்ட இருப்பது பழைய யமஹா 9.9, டூ ஸ்ட்ரோக். 15-உம் இதுவும் ஒரே பிளாக் என்கிறார்கள். மாற்ற முடியுமா?

பதில்: முடியும். இரண்டுமே 2 சிலிண்டர், 246 சிசி, போர் 56 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. 9.9-இல் கம்பெனிக்காரன் மூச்சுக்குழலைக் குறுக்கி வைத்திருக்கிறான், அவ்வளவுதான். முக்கிய வித்தியாசம் கார்புரேட்டர்: வென்சுரி (காற்று போகும் குறுகல்) சிறியது, ஜெட்டும் (பெட்ரோல் வரும் துளை) அதற்கேற்றது. சில மாடல்களில் ரீட் வால்வு (கலவையை உள்ளே விடும் இதழ்க் கதவு) மேல் இருக்கும் ஸ்டாப்பரும் தாழ்ந்திருக்கும், இதழ் முழுதாக எழும்பாது. உங்கள் மாடலுக்கும் அதே காலத்து 15-க்கும் பாகப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்பரை ஒப்பிடுங்கள். எந்த நம்பர் மாறுகிறதோ அதுதான் வாங்க வேண்டிய சாமான்.

15-இன் கார்புரேட்டரை முழு செட்டாக வாங்குங்கள். பழையது கிடைத்தாலும் சரி. 9.9 கார்புரேட்டரைத் துளையிட்டுப் பெரிதாக்குகிற வேலையே வேண்டாம். காற்று கூடி, பெட்ரோல் கூடாமல் போனால் கலவை வறண்டு, முழு வேகத்தில் பிஸ்டன் பிடிக்கும். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். மாட்டியபின் கைப்பிடியை முழுக்கத் திருகி, பட்டாம்பூச்சித் தகடு நேராக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். லிங்க் அரை அங்குலம் முன்னால் தடுத்தால் செலவு முழுக்கத் தண்டம்.

மாற்றும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினுக்குப் பெரிய கார்புரேட்டர் போடுவது இளைப்புக்காரனை ஓடச் சொல்வது மாதிரி.

மாற்றியபின் பழைய காத்தாடியிலேயே (புரொப்பெல்லர்) ஓட்டினால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எகிறும். 15-க்கு முழு வேகத்தில் 4500 முதல் 5500 வரைதான் இருக்க வேண்டும். பிளக் ஒயரில் சுற்றும் டேக்கோமீட்டர் வாங்கி, உங்கள் எஞ்சினுக்கேற்ற அமைப்பில் வைத்து, வழக்கமான வலையும் ஆட்களும் ஏற்றிய படகில் பாருங்கள். 5500-ஐத் தாண்டினால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கூடிய காத்தாடி போடுங்கள். பெட்ரோல் செலவும் கூடும். முழு வேகத்தில் மணிக்கு 6, 7 லிட்டர் கணக்கு வையுங்கள். படகுப் பதிவிலும் இன்சூரன்ஸிலும் 9.9 என்று இருந்தால் அதையும் திருத்துங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): அண்ணை, எங்கட 15 முந்தி 5 பேரோட எழும்பி ஓடும். இப்ப 3 பேரோடயே இழுக்குதில்லை. பெரிய கார்புரேட்டர் போடட்டோ?

பதில்: வேண்டாம். இது எச்.பி. கூட்டுகிற கேள்வி இல்லை, தொலைந்த எச்.பி.யைத் தேடுகிற கேள்வி. டேங்கிலிருந்து ஆரம்பியுங்கள்: ஃபில்டரில் தண்ணீர், ஹோஸின் உள்சுவர் உரிந்து அடைப்பது, பம்ப் டயாஃபிரம் விறைத்துப்போவது. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க். பிறகு எக்ஸாஸ்ட் துளையில் கரி. அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டியிருக்கிறதா? படகின் தரைத்தட்டுக்குள் இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்துப் படகே கனத்திருக்கிறதா? டேக்கோமீட்டர் என்ன சொல்கிறது?

கேள்வி (நாகை): 24 அடி மரவள்ளம். 9.9-ஐ 15 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்கு ஆகுமா?

பதில்: ஆகாது. நீர்க்கோட்டு நீளம் 24 அடி என்றால் தண்ணீரைக் கிழித்துப் போகும் உடம்புக்கு எல்லை சுமார் 6.5 நாட். அதற்கு மேல் போக, வள்ளம் தானே கிளப்பும் அலையை ஏற வேண்டும். கனத்த வள்ளத்தில் அணியம் (முன்பக்கம்)தான் தூக்கும், பெட்ரோல்தான் போகும். எழும்பி ஓடும் ஃபைபர் படகுக்குத்தான் கூடுதல் எச்.பி. வேலை செய்யும்.

கேள்வி (தூத்துக்குடி): ஹெட்டை (சிலிண்டர் மூடியை) 1 மி.மீ. சீவினால் போதும், கார்புரேட்டர் செலவே வேண்டாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: கணக்குப் போடுவோம். 56 மி.மீ. போரில் 1 மி.மீ. சீவினால் எரியறையில் சுமார் 2.5 சிசி குறையும். முழு ஸ்ட்ரோக் கணக்கில் கம்ப்ரஷன் விகிதம் 7:1 இருந்தது என்று வைத்துக்கொண்டால் 7.8:1 ஆகும். ஏட்டுக் கணக்கில் லாபம் மூன்று நான்கு சதவீதம். 15-இல் அரை எச்.பி. அந்த அரைக்காக நாக்கிங்கை (கலவை தானாக வெடிப்பதை) விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

கேள்வி (அதே தூத்துக்குடி): எங்க ஊரில் எத்தனையோ எஞ்சின் சீவி ஓடுது, ஒண்ணும் ஆகல.

கேள்வி (குளச்சல்): ஆமாம், நாங்கள் மண்ணெண்ணெயிலேயே ஓட்டுகிறோம். சீவினால் இழுவை நல்லா இருக்கு.

பதில்: மண்ணெண்ணெயா! இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். மண்ணெண்ணெயின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) பெட்ரோலைவிட மிகக் குறைவு. அதனால்தான் மண்ணெண்ணெய் மாடலுக்குக் கம்பெனியே கம்ப்ரஷனைக் குறைத்துக் கொடுக்கிறது. அதே சிசியில் எச்.பி. குறைவாக இருப்பதும் அதனால்தான். கம்பெனி குறைத்ததை நீங்கள் சீவி ஏற்றுகிறீர்கள். பிளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்கு முன்னால் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். காரில் 'டிக் டிக்' என்று கேட்கும். அவுட்போர்டு சத்தத்தில் கேட்காது.

ஒண்ணும் ஆகலையா? பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகைவிடச் சின்னதாக, வெள்ளிப்பொடி மாதிரி புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் விளிம்பு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சொறசொறப்பாக இருக்கும். கரையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது சோதனை இல்லை. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் போகும்போதுதான் ஓட்டை விழும்.

கேள்வி (குளச்சல்): அப்போ ஆயிலைக் கூட்டினால் சூடு குறையாதா?

பதில்: குறையாது. ஆயில் கூடினால் அதே ஜெட்டில் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை இன்னும் வறளும். மேனுவல் 50:1 என்றால் 20 லிட்டருக்கு 400 மி.லி., டிசி-டபிள்யூ3 (அவுட்போர்டு டூ ஸ்ட்ரோக்குக்கான தர முத்திரை) ஆயில். பைக் ஆயில் வேண்டாம்.

கேள்வி (வேதாரண்யம்): டொஹாட்சு 15-ஐ 18 ஆக்கலாமா?

பதில்: 15 என்பது 247 சிசி, 18 என்பது 294. போரே வேறு. கார்புரேட்டர் மாற்றி ஆகாது.

கேள்வி (கடலூர்): 9.9-ஐ 15 ஆக்க முடியுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி (மன்னார்): கார்புரேட்டர் மாத்தின பிறகு எஞ்சின் அலறுது, படகு நகருதில்லை.

பதில்: காத்தாடியின் ரப்பர் புஷ் வழுக்குகிறது. உள்குழாயிலிருந்து வெளிவளையம் வரை பெயின்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். ஒரு முறை முழு வேகம் கொடுத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் மாற்றுங்கள். கோடு நேராகவே இருந்தால் மோட்டார் உயரமாக உட்கார்ந்து காற்றை இழுக்கிறது. காத்தாடிக்கு மேலிருக்கும் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ வரும்படி இறக்குங்கள்.